முதலாம் தரப்பு

பரந்தன் சந்திக்குக் கிழக்கே
என் தகரக் கொட்டிலில் வைத்துத்தான் எழுதினோம்,
எண்பது பக்கக் கொப்பியின் நடுத்தாளில்.

முதலாம் தரப்பு: யோகமதி, சமையல்.
இரண்டாம் தரப்பு: வைகுந்தவாசன், முரசுமோட்டை,
பெண்ணின் தகப்பன்.
"கலியாணம் என்ர. நான் எப்பிடி ரெண்டாவது?"
என்றார், கதிரையில் இருக்க முதலே.
கொப்பி என்னுடையது என்றேன்.

போன ஆவணியில் ஒரு வீட்டுக்கு
வாய்ச்சொல்லை நம்பிச் சமைத்தேன்.
பந்தி முடிய, மாப்பிள்ளையின் தமையன்
பாயாசத்தில் கஜு காணாது என்று
பதினெட்டாயிரம் பிடித்தான்.
அந்தக் கஜுவை அன்றிலிருந்து
படுக்கையில் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஆகவே மூன்றாம் பிரிவு:
நூறு பேருக்கு ஒன்றேகால் கிலோ,
வறுக்க முதல் வந்து நிறுத்துப் பார்க்கலாம்.

நாலு, விறகு. பாலை விறகு அவர் பொறுப்பு.
ஈரமென்றால் காஸ், சிலிண்டர் காசும் அவருடையது.
"ஈரமோ இல்லையோ எண்டு ஆர் தீர்மானிக்கிறது?"
புகைக்குள் நிற்பவள் என்று எழுதினேன்.
அதை அவர் வெட்டச் சொல்லவில்லை.

ஐந்துக்கு இரண்டு தேத்தண்ணி முடிந்தது.
கார்த்திகைக் கலியாணம்.
இரணைமடு வான்கதவு திறந்தால்
ரோட்டெல்லாம் குளம்,
என் லாண்ட்மாஸ்டர் நீந்தாது.
வெட்டி வைத்த மரக்கறி ஆர் தலையில்?
கடவுள் தலையில் என்றார்.
கடவுள் கையெழுத்து வைக்கமாட்டார், அண்ணை.
எல்லாக் கதவும் திறந்தால் என்று அவர் இழுக்க,
ஒன்று திறந்தாலே என்று நான் இழுக்க,
நாலு கதவில் வந்து நின்றது.
நட்டம் பாதிப் பாதி.

ஆறு, ஆக்கள்.
நானூறு என்றார் யோசிக்காமல்.
எப்படி எண்ணினீங்கள்?
"மூத்தவளின்ர கலியாணத்துக்கு நானூறு.
எங்கட சனம்தானே, எண்ணவேணுமோ?"
அது எந்த வருசம்?
"ரெண்டாயிரத்து ஆறு"
என்றவர்
வெளியே மரியதாஸ் கிடாரம் தேய்ப்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனையை நான் நீட்டவில்லை.
அவரே எடுத்தார்.
விரல் மடித்தார், வீடு வீடாக, ஒழுங்கை ஒழுங்கையாக.
நடுவில் ஓர் ஒழுங்கைக்குள் போகாமல்
அடுத்ததற்குத் திரும்பினார்.
நானூறை வெட்டி
இருநூற்று அறுபது என்று எழுதினார்,
பூச்சியம் மூடாமல்.
தலைக்கு ஆயிரத்து நூறு என்றேன்.
அந்த வரியில் மட்டும் பேரம் நடக்கவில்லை.

மிஞ்சுகிற சோறு அவருக்கு, கறி புஸ்பமலருக்கு,
அவளிடம் நாய் மூன்று, பிள்ளை நாலு.

எட்டாவதை நான்தான் கேட்டு எழுதினேன்:
பந்தியில் வந்து இருந்தவரை
ஆர் என்று கேட்கக் கூடாது.
பத்துப் பேர் வரைக்கும் என் கணக்கு.
"உனக்கு நட்டமெல்லே, பிள்ளை?"
செட்டிகுளம் முகாமில் பொதுச் சமையலுக்கு நின்றவள் நான்.
அட்டை இல்லாத ஒரு பெடியனுக்கு
அகப்பையைத் திருப்பியிருக்கிறேன்.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
என் கணக்கு என்று மட்டும் திரும்பச் சொன்னேன்.

முற்பணம் எண்பதாயிரம். ஒரு தாள் ஒட்டுப்போட்டது,
மாற்றித் தந்தார்.
முத்திரை இல்லை. கையெழுத்து வைத்தோம்,
மரியதாஸ் சாட்சி, கரிக் கையால்.
பிரதிக்கு அவர் போனில் படம் எடுத்தார்.
அவருடைய நிழல் எட்டாம் பிரிவில் விழுந்திருந்தது.
இன்னொருக்கா எடுங்கோ என்றேன்.

மோட்டார் சைக்கிள் படலை தாண்டி, திரும்பி வந்தது.
"அப்பளம் எழுதேல்லை!"
அப்பளம் ஆருக்கும் எழுதிக் குடுக்கிறேல்லை, அண்ணை.
அது வரும்.
அவர் எஞ்சினை நிறுத்தாமல்
கொஞ்ச நேரம் நின்றார்,
பிறகு, "அதையும் எழுது" என்றார்.